வெளிக்காற்று எடுத்த இடம்

அக்டோபர் 8, புதன்

இன்று மூன்று வீடுகள். மூன்றாவது ஒரு பல் டாக்டருடையது. துணி துவைக்கும் மெஷினின் குழாய் கழன்று, கீழறை முழுக்கத் தண்ணீர் நின்றதாம். கதவைத் திறந்தால் கமகமவென்று மல்லிகை வாசனை. "நாத்தம் தெரியக் கூடாதுன்னு காலையிலதான் ஸ்ப்ரே அடிச்சேன்" என்கிறார் மனிதர், பெருமையாக. காற்றைச் சோதிக்க வந்தவளிடமே நாற்றத்தை மறைக்கிறார். பல்லைக் காட்ட வந்தவன் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த டாக்டர் சும்மா விடுவாரா? ஒரு நாள் முழுக்கக் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி வையுங்கள், எதையும் அடிக்காதீர்கள், திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காற்றை உறிஞ்சும் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் புகுந்த வீடுகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் கம்பெனி; இவர் சாப்பிடும்போதும் போனைக் கீழே வைக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வீட்டு வேலை இந்த வாரம் முடிய வேண்டும். மாடியில் சுடுதண்ணீர்த் தொட்டி உடைந்து, கூரை வழியாகவும் சுவர் வழியாகவும் தண்ணீர் இறங்கிய வீடு அது. அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை. மாதம் நிறைவதற்குள் மனைவிக்கு வலி எடுத்து, புருஷனும் பெண்டாட்டியும் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்கள். குழந்தை இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது. நுரையீரலுக்குப் பலம் போதவில்லை. வீடு காய்ந்து, காற்றும் நல்லது என்று தெரிந்தால்தான் அனுப்புவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் என்னிடம் சொன்னது நாத்தனார். இவருடைய கம்பெனியில் போன் எடுப்பது அவள்தான். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே மணி அடித்தது, எடுத்து யாரிடமோ தரைவிரிப்பு பற்றிச் சண்டை போட்டாள்.

அக்டோபர் 10, வெள்ளி

தடிக் கண்ணாடி போட்டிருப்பதால் நாங்கள் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிடும் மனிதர் ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். இவர் சுத்தம் செய்கிற வீடுகளில் காற்றைச் சோதிப்பவர் அவர்தான். நான் மற்ற கம்பெனிக்காரர்கள் செய்யும் வீடுகளுக்கு மட்டும்தான் போவேன். கல்யாணமான புதிதிலேயே பேசிக்கொண்டது அது. புருஷன் துடைத்த வீட்டைப் பெண்டாட்டி வந்து சுத்தம் என்று சொன்னால் எவன் நம்புவான்?

"நாளைக்கு நீ வந்துடேன்" என்றார் இவர், உப்பை இப்படித் தள்ளு என்பது போல.

"முடியாதுங்க."

"ஒரே ஒரு தடவை."

"இதுக்குத்தான் வேலிக்கு ஓணான் சாட்சின்னு சொல்லி வச்சிருக்காங்க" என்று நாத்தனார் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை.

"பக்கத்து ஊர் ஆளுக்கு ரெண்டு வாரத்துக்கு வேலை இருக்காம். சரி, அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியிலயே கிடக்கட்டும். உன் கொள்கை நல்லா இருக்கட்டும்."

எரிச்சலாக இருந்தது. எரிச்சலோடு யோசித்தால் அவர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. வேலைக்குப் பணம் தரும் இன்சூரன்ஸ்காரர்களிடம் கேட்டு அவர்கள் சரி என்றால் வருகிறேன் என்றேன். கேட்டாகிவிட்டது என்றார். இவ்வளவு சீக்கிரமாகவா?

சரி என்றுவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

விடியும்போதே மழை. மழையில் வெளிக்காற்று எடுக்கக் கூடாது. தள்ளிப் போடலாமே என்றேன். இவர் வேனைக் கிளப்பினார்.

வேலையைக் குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். சுவரில் நனைந்த ஜிப்சம் பலகைகளையெல்லாம் அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். ஈரமானியை வைத்த இடத்திலெல்லாம் சுவர் காய்ந்திருந்தது.

ஓட்டுநரின் மனைவி வந்திருந்தாள். சின்னப் பெண். ஆபரேஷன் தழும்பு வலிக்கிறது போல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். "வெறும் காத்தை எப்படிங்கக்கா அளப்பீங்க?" என்று கேட்டாள். பம்பைக் காட்டினேன். இது காற்றை உறிஞ்சும். இந்தச் சின்ன டப்பிக்குள்ளே பசை தடவிய கண்ணாடி இருக்கிறது. காற்றில் மிதக்கிற பூஞ்சை வித்தெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வகத்தில் எண்ணிச் சொல்வார்கள்.

"எவ்வளவு இருந்தா நல்லதுங்க?"

பூஞ்சை இல்லாத காற்று உலகத்திலேயே கிடையாது என்றேன். அதனால் வெளியே ஒரு டப்பி வைப்போம், உள்ளே ஒரு டப்பி வைப்போம். வெளியே இருப்பதைவிட உள்ளே குறைவாக இருந்தால் நல்ல வீடு.

"அப்போ வெளியதான் அளவுகோல்" என்றாள். கெட்டிக்காரி. எனக்குப் பாடம் நடத்தியவருக்கே இதை எனக்குப் புரிய வைக்க ஒரு மத்தியானம் ஆயிற்று.

வாசலில் வெளி டப்பியை வைக்க முடியவில்லை. பேருந்தை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாதென்று ஓட்டுநர் இஞ்சினை ஓட விட்டிருந்தார், ஒரே புகை. பின்பக்கம் போனேன். கூரை விளிம்பில் ஒரு கொக்கி இருந்தது. மழை படாத இடம் அது ஒன்றுதான். இவருடைய ஆட்கள் பின்முற்றத்தில் சாமான்களைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதன்மேல் காலை எட்டி வைத்துத்தான் மாட்ட முடிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. உள்ளே இருப்பதைவிட வெளியே நல்ல அதிகம். வீடு தேறிவிட்டது.

ஆய்வகத்து அம்மாள் போனில் கேட்டார்: "வெளிய எங்க வச்சீங்க?" பின்பக்கம் என்றேன். "மழைன்னு எழுதியிருக்கீங்க. ஆனா வெளிக்காத்துல இவ்வளவு இருக்கே." செடிகொடி அதிகமுள்ள இடம் என்றேன். "சரி, நீங்க பாத்த இடம். உங்களுக்குத்தான் தெரியும்" என்று வைத்துவிட்டார்.

உண்மையில் மழை வெளிக்காற்றைக் கழுவிவிட்டிருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவாகத்தான் வந்திருக்க வேண்டும். பின்பக்கம் செடி ஏதாவது இருந்ததா? இருந்திருக்கும். இல்லாமலா?

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் இவர் கையால் குடித்த டீயை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அக்டோபர் 16, வியாழன்

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டதாம். நாத்தனார் போட்டோ காட்டினாள். துணிப்பொதிக்குள் ஒரு மூக்கு மட்டும் தெரிகிறது.

அக்டோபர் 23, வியாழன்

சோறு எடுத்து வைக்காமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் ஓட்டுநரின் மனைவி போன் செய்தாள். குழந்தைக்கு இரண்டு நாளாக மூச்சு இழுக்கிறது, அறையில் மக்கின துணி வாசனை வருகிற மாதிரி இருக்கிறது, ஒரு எட்டு வந்து பார்க்க முடியுமா என்று. போனேன். எனக்கும் அந்த வாசனை லேசாக வந்தது, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. சுவரெல்லாம் ஈரமானியை வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது. தொட்டிலில் குழந்தையின் விலா உள்ளே போய் உள்ளே போய் வருகிறது. ஒரு சாண் உடம்புதான். அதைப் பார்க்க முடியாமல்தான் பின்பக்கம் போனேன்.

முற்றத்தில் செடியும் இல்லை, கொடியும் இல்லை. சாமான்களை லாரியில் அள்ளிப் போய்விட்டார்கள். அவை கிடந்த இடத்தில் புல் மஞ்சளாகச் செத்து, கட்டில் அளவுக்கு ஒரு தடம். அதற்கு நேர் மேலே என் கொக்கி.

உள்ளே வந்து, அங்கே என்ன கிடந்தது என்று கேட்டேன்.

"உங்க ஆளுங்க சுவத்துல இருந்து பேத்துப் போட்ட பலகைதாங்கக்கா. கறுப்பு கறுப்பா இருந்துச்சு. லாரி வர்ற வரைக்கும்னு மூடி வச்சிருந்தாங்க."

பூஞ்சை பிடித்த பலகைக் குவியலுக்கு மேலே டப்பியைத் தொங்கவிட்டிருக்கிறேன். காற்றில் அந்தத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததே. வெளிக்காற்று என்று நான் எடுத்தது இந்த வீட்டின் அழுக்கை. அந்த அழுக்கைவிட வீட்டுக்குள்ளே குறைவு, அதனால் குழந்தை வரலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அடிப்பாவி, அதுமேல காலை வச்சுத்தானடி மாட்டுன. கண்ணு எங்க போச்சு? அந்தம்மா போன்ல கேட்டப்பவாவது வாயத் தொறந்தியா?

அவளிடம் எதுவும் சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

இவரிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை, பிறகு முகம் மாறிப்போயிற்று.

"வீடு சுத்தமாத்தான் இருக்கு. நான் செஞ்சேன், எனக்குத் தெரியாதா?"

"இருக்கலாம். ஆனா அதைச் சொல்றதுக்கு எங்கிட்ட இப்ப எதுவும் இல்லையே."

"அந்தக் குழந்தைக்குப் பொறந்ததுல இருந்தே மூச்சுக் கோளாறு. அதுக்கும் நம்ம தலையையா உருட்டணும்?"

அதுவும் மெய்தான். டாக்டரும், குறைமாதக் குழந்தை, இப்படி வரும் போகும் என்றுதான் சொன்னாராம். பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை, பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை. மறுபடி சோதிக்கிறேன் என்றேன். காரணம் கேட்பார்கள் என்றார். சொல்வேன் என்றேன். அப்போதுதான் உண்மை வந்தது. இன்சூரன்ஸ்காரர்களிடம் இவர் கேட்கவே இல்லை. சுத்தம் செய்தவனின் பெண்டாட்டி சோதித்தாள், அதுவும் தப்பாகச் சோதித்தாள் என்று தெரிந்தால் இவருக்கு இனி யாரும் வேலை தர மாட்டார்கள்.

நான் கத்தினேன். இவரும் கத்தினார். நாத்தனார் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். காற்று வடிகட்டும் மெஷின் ஒன்றை அந்த அறையில் கொண்டுபோய் வைப்பது, காசு வேண்டாம், சும்மா ஒரு உதவி என்று சொல்லி. மெஷின் ஓடினால் காற்றில் இருப்பதையெல்லாம் இழுத்துவிடும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நானும் தலையாட்டினேன். ஆட்டினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 25, சனி

இவரும் நானும் போய் மெஷினை வைத்துவிட்டு வந்தோம். அவள் கண் கலங்கிவிட்டாள். "வேலை முடிஞ்சதும் யாருங்க திரும்பிப் பாப்பாங்க? நீங்க ரெண்டு பேரும் எங்களுக்குத் தெய்வம் மாதிரி" என்றாள். ஓட்டுநர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வேனில் வரும்போது இவர் ரேடியோவைப் போட்டார். நான் அணைத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

இரண்டு வாரம் தள்ளிப் போட்ட பல் டாக்டர் வீட்டுச் சோதனை இன்று. வெளி டப்பியை வைக்குமுன் அந்தத் தெருவையே சுற்றி வந்தேன். இரண்டு முறை. "எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

அக்டோபர் 29, புதன்

விசாரிக்கலாம் என்று அவளுக்குப் போன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தமே கேட்கவில்லை. கூடத்தில் இருக்கிறாயா என்றேன். இல்லைக்கா, தொட்டில் பக்கத்தில்தான் என்றாள்.

"மெஷின் ஓடலையா?"

"அது போடுற சத்தத்துல இவன் முழிச்சுக்குறாங்கக்கா. தூங்குறப்போ அணைச்சிடுவேன். முழிச்சிருக்கிறப்போ மறக்காம போட்டுடறேன்."

குறைமாதக் குழந்தை. நாள் முழுக்கத் தூங்குகிற குழந்தை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அணைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்த 'ஏன்' வரக் கூடாது என்றுதானே இலவசமாக வைத்தோம்? என் வாயை நான் மூடிக்கொண்டதற்கு அந்தக் குழந்தை மூச்சு வாங்குகிறது.

"அக்கா? இருக்கீங்களா?" என்றாள். மெஷினை அணைக்காதே, குழந்தையை வேறு அறையில் போடு, நாளைக்கு வருகிறேன் என்றேன்.

இவரிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் தடுப்பார். தடுத்தால் நான் நின்றாலும் நின்றுவிடுவேன்.

அக்டோபர் 30, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அவள் சமையலறையில் பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தை தோளில். உட்காருங்கக்கா என்றாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். வெளி டப்பி, பலகைக் குவியல், கொக்கி எல்லாம். அவளுக்கு நான்தானே பாடம் எடுத்திருந்தேன், இரண்டாவது வாக்கியத்திலேயே புரிந்துகொண்டாள்.

"அப்போ வீடு நல்லா இருக்குன்னு நீங்க சொன்னது?"

"தப்பும்மா. நல்லா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

குழாயை மூடினாள்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்கத் தயாராகப் போயிருந்தேன், மறுபடி சோதிப்பது, எந்த டாக்டரிடம் போவது எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இதற்குப் பதில் யோசித்து வைக்கவில்லை.

"போன வியாழக்கிழமை."

"அன்னைக்கா? இவனுக்கு இழுத்துச்சே, அன்னைக்கா? அதுக்கப்புறந்தானே மெஷின் கொண்டு வந்து வச்சீங்க?"

ஆமாம் என்றேன்.

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. ஒரு துண்டை எடுத்துக் குழந்தையைச் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்றாள். காலில் செருப்புகூட இல்லை. உள்ளே வாம்மா, தரை சுடுகிறது என்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனுக்குப் போன் செய்து பேருந்தைக் கொண்டு வரச் சொன்னாள். அந்தப் பெரிய பேருந்தில் மூன்று பேர் மட்டும் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏறுமுன் ஓட்டுநர் என்னிடம் வந்தார்.

"நீங்க சொன்னீங்கன்னுதாங்க கூட்டிட்டு வந்தோம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 31, வெள்ளி

குழந்தைக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக நாத்தனார் விசாரித்துச் சொன்னாள். பயப்பட வேண்டாமாம்.

என் சோதனை செல்லாது என்று இன்சூரன்ஸ்காரர்களுக்கும் ஆய்வகத்துக்கும் எழுதிப் போட்டேன். யார் பெண்டாட்டி என்பதையும் எழுதினேன்.

நவம்பர் 1, சனி

இவர் என்னிடம் பேசவில்லை. நாத்தனார் நடுவில் நின்று தபால்காரி வேலை பார்க்கிறாள். "அண்ணி, அண்ணன் சட்டை எங்கேன்னு கேக்குறாரு." "அண்ணனோட கண்ணு எங்கேன்னு கேளு." இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

சாயந்திரம் அவளே என்மேல் பாய்ந்தாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே அண்ணி. எங்க ரெண்டு பேரு பொழப்பும்தானே இது?" சொன்னால் விட்டிருப்பாயா என்றேன். "விட்டிருக்க மாட்டேன்" என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

நவம்பர் 5, புதன்

கண்ணாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமையே கட்டுப் போட்ட காலோடு வந்து சோதித்தார். முன்வாசலில், தெருவின் அந்தப் பக்கம் டப்பியை வைத்தாராம். வீடு தேறவில்லை. தேறாதது மட்டுமில்லை, குழந்தையின் அறை மற்ற அறைகளைவிடப் பல மடங்கு மோசம்.

இன்று அந்த அறையைத் திறந்தார்கள். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, தெருவில்தான் நின்றேன். ஜன்னல் வழியே தெரிந்தது. அந்த அறையில் சுவரோடு சுவராக அடித்த அலமாரி ஒன்று உண்டு. மற்ற சுவர்களையெல்லாம் அறுத்தவர்கள் அதை மட்டும் தொடவில்லை. என் ஈரமானிக்கும் அதன் பின்னால் போக வழியில்லை. முன்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, காய்ந்திருக்கிறது என்று நானும் நகர்ந்திருக்கிறேன். தொட்டில் அதை ஒட்டித்தான் இருந்தது.

ஆட்களை விலகச் சொல்லிவிட்டு இவரே கடப்பாரையைப் போட்டு நெம்பினார். அலமாரி முதுகுப் பலகையோடு பெயர்ந்து வந்தது. பின்னால் சுவர் தரையிலிருந்து இவர் தோள் உயரம் வரை கறுப்பு.

இவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமூடியைக்கூடக் கழற்றவில்லை.

வேனில் வரும்போது, எத்தனையோ நாளுக்கப்புறம், என்னிடம் பேசினார்: "இதைப் பேத்தா இன்னும் ரெண்டு நாள் போகும். குழந்தை வரணும்னு அவசரப்படுறாங்களேன்னு விட்டுட்டேன். முன்பக்கம் காய்ஞ்சிருந்துச்சு."

"எனக்கும்தான் காய்ஞ்சிருந்துச்சு" என்றேன்.

வீடு வரும் வரைக்கும் வேறு பேச்சு இல்லை. ஆனால் பேசாமலிருப்பதிலும் வகை உண்டு. இது போன வாரத்து வகை இல்லை.

நவம்பர் 8, சனி

ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள்! தானாக மூச்சு விடுகிறான். இவ்வளவு நாளும் மகனா மகளா என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் 'இவன்' என்று சொல்லியிருந்தாள், என் காதில்தான் ஏறவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

இன்சூரன்ஸ்காரர்கள் இவருடைய கம்பெனியை விலக்கிவிட்டார்கள். நானும் விசாரணை முடியும் வரை பம்பைத் தொடக் கூடாதாம். நியாயம்தான். நியாயம் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது, காலையில் எழுந்து எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

ஆட்களில் இரண்டு பேர் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். இவர் தடுக்கவில்லை.

நவம்பர் 22, சனி

இவர் காலையில் கிளம்பிச் சாயந்திரம் தூசியோடு வருகிறார். வேலை ஏது என்று நாத்தனாரிடம் கேட்டேன். அந்த வீட்டுக்குத்தான் போகிறாராம், தனியாக. அலமாரிச் சுவரை மட்டுமில்லை, தொடாமல் விட்ட மூலை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறாராம். ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டு, பேருந்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாராம். குழந்தையும் தாயும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஓட்டுநரின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சாப்பாட்டை டப்பாவில் போட்டு வைத்தேன். எடுத்துக்கொண்டு போனார்.

டிசம்பர் 3, புதன்

கண்ணாடிக்காரர் மறுபடி சோதித்தாராம். வீடு தேறிவிட்டது. இவர் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். எங்கே வெளி டப்பி வைத்தார் என்று கேட்டேன். "கேப்பேன்னு தெரியும். நானும் கூடப் போய்ப் பாத்தேன்" என்றார்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் ஓட்டுநர் போன் செய்தார். இத்தனை நாளில் முதல் தடவை. எடுக்கவே பயமாக இருந்தது.

"வீடு சரியாயிடுச்சுன்னு தாள் வந்துடுச்சுங்க. இவதான் உள்ள வர மாட்டேங்குறா. நீங்க வந்து சொல்லணுமாம்."

நான் சொல்லக் கூடாதே, எனக்குத் தடை இருக்கிறது, பம்பைத் தொடக்கூட முடியாது என்றேன்.

"அதெல்லாம் அவளுக்கும் தெரியும். சும்மா வாங்க."

இவர் வேனில் கொண்டுபோய் விட்டார். நான் மட்டும் இறங்கினேன். அவள் வாசலில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள், இன்று செருப்புப் போட்டிருந்தாள். வாங்கக்கா என்று சொல்லவில்லை.

"நல்லா இருக்குன்னு அவரு எழுதிக் கொடுத்திருக்காரு. நல்லா இருக்குன்னு நீங்களும்தான் எழுதிக் கொடுத்தீங்க" என்றாள். "ஆனா நல்லா இல்லைன்னு வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

குழந்தையை நீட்டினாள்.

"நீங்களே தூக்கிட்டு உள்ள போங்க."

வாங்கிக்கொண்டேன். பிறகு கூடத்தைத் தாண்டி அந்த அறைக்குள் போனேன். அலமாரி இல்லாமல் அறை பெரிதாக இருந்தது. தொட்டிலை வேறு பக்கம் மாற்றியிருந்தார்கள். புது வண்ணத்தின் வாசனைகூட இல்லை. மணம் வருகிற எதையும் பூச வேண்டாம் என்று இவர் விட்டிருக்கிறார், சுவர் வெறும் சாம்பல் நிறம். ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். விலாவைப் பார்த்தேன். ஏறியது, இறங்கியது. நான் மூலை மூலையாகப் போய் நின்று மூச்சை இழுத்தேன், பைத்தியக்காரி போல. புருஷனும் பெண்டாட்டியும் வாசற்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்கள் போல. எனக்குச் சொல்லத் தகுதி இல்லை. குழந்தையைத் தொட்டிலில் போடவும் மனம் வராமல், தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, என் எதிரே உட்கார்ந்தாள்.